அது உங்கள் அம்மா பேசியதல்ல

போன வாரம் நீங்கள் இருவரும் குழாயடியில் உட்கார்ந்திருந்தீர்கள். பெரியவள் சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "அக்கா, அம்மா எப்படி இருப்பாங்க?" என்று சின்னவள் கேட்டாள். பெரியவள் சடையை ஒரு இழு இழுத்துவிட்டு, "எனக்கு என்ன தெரியும்? அவங்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். நான் பின்னால் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தேன். என் கை அப்படியே நின்றுவிட்டது.

ஆறு வருஷமாக அந்தப் பிள்ளை இதை மனசில் வைத்துக்கொண்டிருக்கிறது. குற்றம் என்னுடையது. வாயால் சொல்லப் போனால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு நாலு. நாம் சுண்ணாம்புக் கம்பத்துப் பக்கம் முனிசிபல்காரர்கள் வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் இருந்தோம். நான் மாடு பூட்டின தண்ணீர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதைத்தான் ஓட்டுகிறேன். தெருக்குழாயில் பீப்பாயை நிரப்பி, செம்மண் தூசி அடங்க சிராங்கூன் ரோடு முழுக்கத் தெளித்துக்கொண்டே போக வேண்டும். குதிரைப் பந்தயம் நடக்கிற நாட்களில் மைதானத்தைச் சுற்றி இரண்டு மடங்கு வேலை.

உங்கள் அம்மாவுக்கு முதலில் அரிப்பு வந்தது. உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் சொறிந்துகொண்டே இருப்பாள். வெயில் என்றேன். பிறகு சோறு இறங்கவில்லை. இரண்டு வாய் தின்றதும் போதும் என்பாள். சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போகிறது என்று ஒரு நாள் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். தண்ணீர் நிறையக் குடி என்றேன். உடம்பு மஞ்சளானதைக் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். தினமும் மஞ்சள் தேய்த்துக் குளிக்கிற பொம்பளை. முகம், கழுத்து, கை, கால் எல்லாம் மஞ்சள். அந்த மஞ்சளுக்கு அடியில் இன்னொரு மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. "உனக்கு நிறம் கூடியிருக்கு புள்ள" என்று சொன்ன மடையன் நான்.

அதற்குப் பிறகு வயிறு எழும்பியது. வீட்டு விலக்கும் இரண்டு மாதம் தள்ளிப் போயிருந்தது. சின்னவள் பிறந்து நாலு வருஷமாக ஒன்றும் தங்கவில்லை என்று ஏங்கிக்கொண்டிருந்தவள் அவள். வேறு எதை நினைப்போம்? லைன் முழுக்கத் தெரிந்துபோயிற்று. குழாயடியில் மூன்றாவது வீட்டுப் பால்காரர் என்னைப் பார்த்து, "என்ன தண்ணி வண்டி, இந்தத் தடவை சிங்கக்குட்டிதானே?" என்று உரக்கக் கேட்பார். நானும் சிரிப்பேன். 

மருத்துவச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். இந்தப் பக்கம் தட்டினாள், அந்தப் பக்கம் கை வைத்தாள். பிறகு என்னை வெளியே கூப்பிட்டாள்.

"புள்ளை இல்லய்யா. தண்ணி. மகோதரம் மாதிரி இருக்கு. டிஸ்பென்சரிக்குக் கொண்டு போ."

"யாருகிட்டயும் சொல்லிடாதே ஆத்தா" என்றேன்.

அதுதான் என் வாயில் வந்த முதல் பேச்சு. அவளைக் காப்பாற்ற என்ன செய்யலாம் என்று நான் கேட்கவில்லை.

ஏன் என்றால், அதற்கு முந்தின வருஷம் நம் லைனில் ஒருத்தர் வயிறு வீங்கிச் செத்தார். சம்சுச் சாராயம் குடித்தே செத்தான் என்றார்கள். பிணம் போகும்போதே சிரித்தார்கள். மஞ்சள் கண்ணும் தண்ணீர் வயிறும் என்றால் குடி என்பதுதான் எங்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். உங்கள் அம்மா ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? பொம்பளை குடித்தாள் என்று பேசுவார்கள், நாளைக்கு இரண்டு பெண்களை யார் கட்டுவான், இப்படியெல்லாம் ஓடியது என் புத்தி.

ரிக்‌ஷாவில் டிஸ்பென்சரிக்குப் போனோம். அங்கே நோய் பார்த்து மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் நம்மவர், இங்கேயே பிறந்தவர். முதலில் உங்கள் அம்மாவின் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். கழுவிவிட்டு வந்து வெளிச்சத்தில் நின்றாள். கீழ் இமையை இழுத்துக் காட்டினார். எலுமிச்சம்பழத் தோல் மாதிரி இருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"தெரியலிங்க" என்றேன்.

"சின்ன வயசுல காமாலை வந்துச்சா?"

உங்கள் அம்மா இடது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். ஊரில் இருந்தபோது காமாலைக்குச் சூடு போட்ட தழும்பு. டிரெஸ்ஸர் தலையை ஆட்டினார். அவளை உட்காரவைத்துவிட்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"ஈரல்னா உடம்புக்கு வடிகட்டி மாதிரி. பழைய காமாலையில அது தழும்பாப் போச்சு, கல்லு மாதிரி இறுகிடுச்சு. ரத்தம் அதுக்குள்ள போக முடியாம முட்டுது. அந்தத் தண்ணிதான் வயித்துல கசியுது. வடிகட்டாத அழுக்கு ரத்தத்துலயே சுத்தும். ஒரு நாள் மூளைக்கும் ஏறும்."

"சரியாயிடுமா?"

"இருக்கறதைக் காப்பாத்தலாம். போன ஈரல் திரும்பாது." மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார். "உப்பைத் தொடக் கூடாது. உப்பு உள்ள போனா தண்ணியும் பின்னாலயே போகும். மலம் தினமும் கழியணும், கட்ட விடாதே. பகல்ல தூங்கிக்கிட்டே இருந்தா, பேச்சு மாறினா, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இன்னொண்ணு, உன் ஒருத்தனால ஆகாது. சொந்தக்காரங்க, அக்கம்பக்கம், யாருகிட்டயாவது சொல்லி வெச்சுக்க. மறைச்சு வெக்கற வியாதி இல்ல இது."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியாகச் சொன்னதை மட்டும் ரிக்‌ஷாவிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் லைன் பெண்கள் நிற்கிறார்கள். நம் லைனில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியும். யாருக்கும் இங்கே தாய்வீடு கிடையாது, எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். அதனால் வயிறு தெரிகிற பெண்ணுக்கு, தலைப்பிள்ளையோ மூன்றாவதோ, லைன்தான் தாய்வீடு. ஐந்து வீட்டில் ஐந்து சோறு ஆக்கிக் கொண்டுவந்து வளையல் போடுவார்கள். வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்துவிட்டார்கள்.

அன்று ராத்திரியே உங்கள் அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். விளக்குத் திரியை இறக்கினாள். அப்புறம், "வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

"உப்பு ஆகாதுன்னு சொல்லியிருக்காங்க புள்ள."

"ஒரு நாளுதானே. எல்லாரும் கை நிறைய வளையல் போட்டு விடட்டுங்க. அதுக்கு மேலே நான் சொல்லிக்கறேன்."

விட்டுவிட்டேன். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல். அப்பளம், வடகம், உப்பில் ஊறின நார்த்தங்காய். வாய்க்குப் பிடிக்காமல் கிடந்தவளுக்கு நார்த்தங்காய் பிடித்தது. பெண்கள் ஊட்ட ஊட்டத் தின்றாள். "பாத்தியா, வயித்துல இருக்கறவன் உப்புக் கேக்கறான்" என்றாள் பால்காரர் பெண்சாதி. எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தடுக்கவில்லை. பெரியவளே, நீ அவள் மடியில் கை வைத்து "தம்பி உதைக்கறானா?" என்று கேட்டாய். "இன்னும் இல்லடி" என்றாள்.

நாலே நாளில் வயிறு பானையாகிவிட்டது. தொப்புள் வெளியே தள்ளியது. கால் வீங்கி மெட்டி சதைக்குள் புதைந்தது. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தே கிடப்பாள். மிச்ச நார்த்தங்காயைச் சட்டியோடு கொண்டுபோய்க் கால்வாயில் கொட்டினேன். கொட்டி என்ன?

அதன் பிறகு புத்தி மாறத் தொடங்கியது. டிரெஸ்ஸர் சொன்னபடியே வந்தது. பகலெல்லாம் தூக்கம். எழுந்தால் கை பறவைச் சிறகு மாதிரி அடித்துக்கொள்ளும். மூச்சில் அழுகின பழ வாசனை. அடுப்பில் சேலையை வைத்து அரிசி களைகிறேன் என்றாள். பேச்சு மாறினால் ஆஸ்பத்திரி என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கொண்டுபோனால் லைனுக்குத் தெரிந்துவிடும் என்று நான் ஒரு நாள், இன்னொரு நாள் என்று தள்ளினேன்.

வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. வீட்டை விட்டு வெளியே வந்துவிடுவாளோ, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம். இதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. சின்னவளை வண்டியில் என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். பெரியவளை அம்மாவுக்குக் காவலாக உள்ளே விட்டு, கதவை வெளியே மாட்டுக் கயிற்றால் கட்டினேன். "அம்மாவுக்குத் தலைவலி, சத்தம் போடாம பாத்துக்க" என்று மட்டும் சொன்னேன். பத்து வயசுப் பிள்ளையிடம். ஈரல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, பேச்சு மாறும் என்று சொல்லவில்லை.

இரண்டாம் நாள் மூன்றாவது நடை தண்ணீர் நிரப்ப வந்தபோது நம் வாசலில் கூட்டம். கதவு திறந்து கிடந்தது. எதிர்ச்சாரியில் மளிகைக் கடை வைத்திருந்த நாகூர்க்காரரின் தாயார், நாம் லாத்தா என்று கூப்பிடுவோமே, அவர்தான் அலறல் கேட்டு ஓடிவந்து அரிவாள்மணையால் கயிற்றை அறுத்திருக்கிறார். பெரியவளின் நெற்றியில் ரத்தம். உங்கள் அம்மா பித்தளைச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றாள்.

"யாரு இந்தச் சனியன்? எம் புள்ளையைத் திங்க வந்திருக்கு. வெளிய போகச் சொல்லுங்க! என் வீட்டுல என்ன வேலை இதுக்கு?"

பெரியவளைக் காட்டித்தான் சொன்னாள். பெரியவள் அழவில்லை. லாத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டத்தில் ஒருத்தர், "பேய் அடிச்சிருக்கு, வேப்பிலை கொண்டாங்க" என்றார். லாத்தா திரும்பி ஒரு சத்தம் போட்டார். "பேயுமில்ல பிசாசுமில்ல. போய் அவங்கவங்க சோலியப் பாருங்க!" பிறகு என்னிடம் வந்தார். அறுந்த கயிற்றை என் காலடியில் போட்டார்.

"நல்லா இருக்கு தம்பி. மாட்டை அவுத்து விட்டுட்டு பொஞ்சாதி புள்ளையக் கட்டிப் போட்டிருக்கே."

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவச்சி சொன்னது, டிரெஸ்ஸர் சொன்னது, வெள்ளிக்கிழமைச் சோறு, எல்லாம். லைன் முழுக்கக் கேட்டது. பால்காரர் பெண்சாதி, "ஐயோ, என் கையாலதானே நார்த்தங்காய் ஊட்டினேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீ ஊட்டினே, இவன் பாத்துக்கிட்டு நின்னான்" என்றார் லாத்தா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க வூட்டுக்காரவுக இதே வியாதியிலதான் மவுத்தானாக. அஞ்சு வேளைத் தொழுகை விடாத மனுசரு. ஊரு என்ன பேசுச்சு தெரியுமா? ஒளிச்சுக் குடிச்சாகன்னு. நான் ஒண்டியாப் பாத்தேன் தம்பி. ஒரு வருசம். பாத்துப் பாத்து எனக்கே கிறுக்குப் புடிச்சுது. நீ அப்படிச் செய்யாதே."

அன்றே அவருடைய மகன் குதிரை வண்டி பிடித்துக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் பேதிக்குக் கொடுத்தார்கள். வயிறு சுத்தமானால் புத்தி கொஞ்சம் தெளியும் என்றார்கள், அப்படியே நடந்தது. மறுநாள் வயிற்றில் குழல் போட்டுத் தண்ணீர் இறக்கினார்கள். மங்குப் பேசின் நிறைந்து இன்னொன்று வைத்தார்கள். வெளுத்த மஞ்சள் தண்ணீர். உங்கள் அம்மா தலையைத் தூக்கி அதைப் பார்த்தாள்.

"இதுக்கா அஞ்சு சோறு ஆக்கினாங்க?" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. புத்தி மாறினதிலிருந்து அவள் அவளாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

டாக்டர் மறைக்கவில்லை. மறுபடியும் தண்ணீர் சேரும், ஒவ்வொரு தடவையும் பலம் குறையும், வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அந்தப் பதிலை அதற்கு ஒரு வாரம் முன்னால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஆள் இருந்தது. லாத்தா முறை போட்டார். காலையில் பால்காரர் பெண்சாதி உப்பில்லாக் கஞ்சி வைத்துக் கொடுத்து, உங்கள் அம்மா மலம் கழித்தாளா என்று பார்த்துவிட்டுப் போவாள். மதியம் மருத்துவச்சி வந்து துடைத்துவிட்டு, புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பாள். என்னைச் சிங்கக்குட்டி கேட்ட பால்காரர் என் முகத்தைப் பார்க்க முடியாமல் இரண்டு நாள் ஒளிந்து திரிந்தார். பிறகு வந்து, "தண்ணி வண்டி, நீ கொஞ்சம் தூங்கு, உன் மாட்டை நான் பூட்டறேன்" என்றார். லாத்தா சாயங்காலம் வந்து உட்கார்வார். நோயாளிக்கு ஒன்றும் செய்ய மாட்டார், என்னைச் சாப்பிடவைப்பார். "நீ விழுந்தா அவளை யாரு தூக்கறது? தின்னு" என்பார். இப்படி ஐந்து வாரம். இவர்கள் இல்லாமல் நான் என்ன ஆகியிருப்பேன் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை நடந்திருக்காது. கயிறும் இருந்திருக்காது.

இனி, பெரியவளே, உனக்குச் சொல்ல வேண்டியது.

நீ அந்த ஐந்து வாரமும் லாத்தா வீட்டில்தான் படுத்தாய். நம் வாசலைத் தாண்டமாட்டாய். குழந்தை, மறந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு நாள் காலை லாத்தா உன் கையில் கஞ்சிச் சட்டியைக் கொடுத்து அனுப்பினார். அம்மாவுக்கு அன்று நல்ல தெளிவு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நீ சட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு ஓடிவிட்டாய். ஓடும்போது திரும்பினாய். நெற்றித் தழும்பு தெரிந்தது.

"அவளுக்கு நெத்தியில என்ன?" என்று கேட்டாள்.

"விளையாடி விழுந்துட்டா."

என்னையே பார்த்தாள். "நான் ஏதாச்சும் பண்ணினேனா?"

"சே, நீ ஒண்ணும் பண்ணல."

"உண்மையா? எனக்குப் பாதி நாளு ஞாபகம் இல்லீங்க. அவ ஏன் கிட்ட வரமாட்டேங்கறா?"

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, அதான்" என்றேன். நீ அப்போது இன்னும் பள்ளிக்கூடத்தில் சேரவே இல்லை. அதுகூட அவளுக்கு நினைவில்லை என்பதைத் தெரிந்துகொண்டே சொன்னேன். சாகப் போகிறவளுக்கு எதற்கு அந்த வேதனை என்று என் கணக்கு. உண்மையைச் சொல்லியிருந்தால் உன்னைக் கூப்பிட்டிருப்பாள். தவழ்ந்தாவது வந்திருப்பாள். நீ குழாயடி வரைக்கும்தான் போயிருந்தாய், ஒரு குரலுக்கு எட்டுகிற தூரம்.

அன்று சாயங்காலமே மறுபடியும் தூக்கம் பிடித்துக்கொண்டது. பேதி மருந்துக்கும் அசையவில்லை. மூன்றாம் நாள் மதியம், மருத்துவச்சி துடைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. உன் பெயரைச் சொல்லிக்கொண்டே போனாள் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல்தான் போனாள்.

செம்பால் அடித்ததும் சனியன் என்றதும் வடிகட்டாத ரத்தம் மூளைக்கு ஏறிப் பேசிய பேச்சு. அவள் அவளாக இருந்தபோது உன்னைப் பற்றிக் கேட்டது ஒன்றுதான், நீ ஏன் கிட்ட வரவில்லை என்று. அந்தக் கேள்வியை உன்னிடம் கொண்டுவந்து சேர்க்காமல் ஆறு வருஷம் நான் வைத்திருந்தேன்.

நாளைக் காலை வண்டி பூட்டுவதற்கு முன்னால் இந்தத் தாள்களை உன்னிடம் தருகிறேன். எழுத்துக்கூட்டி நீயே படி, சின்னவளுக்கும் படித்துக் காட்டு. படித்த பிறகு என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாதே. நான் சாயங்காலம் வழக்கம் போல வந்துவிடுவேன்.